42 என்பது ஆண்டன்று

"நோக்கு நூல்களின் காலம் முடிந்துவிட்டது, தேடுபொறி இருக்கத் தடித்த புத்தகம் எதற்கு?" என்று இலக்கிய நண்பர்கள் பலர் இப்போது மகிழ்ச்சியோடு கேட்கிறார்கள். கேட்பவர்களில் பேராசிரியர்களும் உண்டு, மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு. இக்கூற்றை நாம் மறுக்கிறோம். மறுப்பதற்குச் சங்கப் பாடல்களையோ பேரகராதிகளையோ துணைக்கு அழைக்கப் போவதில்லை. அழைத்தால், தமிழாசிரியர் வேறென்ன சொல்வார் என்று புன்னகைத்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆகவே நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம்: லூகர் என்னும் ஜெர்மானியக் கைத்துப்பாக்கி.

தொடர்பில்லாத பொருள் நம்மிடம் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் நம் தலைகுனிவும் அடங்கியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் உலகப்போர் பற்றிய ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கினோம். ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் நினைவுப் பொருளாக ஒரு லூகரைக் கொண்டுவருகிறான். அது 1941-இல் இறந்துபோன ஓர் அதிகாரியின் உடைமை என்பது கதையின் உயிர்நிலை. துப்பாக்கியின் மேற்புறத்தில் '42' என்று பொறித்திருப்பதாக ஓரிடத்தில் கதையாசிரியர் போகிற போக்கில் சொல்கிறார். நாம் இணையத்தில் தேடினோம். அந்த எண் செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பது என்று ஒரு மின்பக்கம் ஐயமின்றி அறிவித்தது. உடனே நம் புலமை விழித்துக்கொண்டது. "இத்துப்பாக்கி 1942-இல் செய்யப்பட்டது, 1941-இல் இறந்தவரிடம் இருந்திருக்க இயலாது, இது ஆசிரியரின் கவனப் பிழை" என்று அடிக்குறிப்பு எழுதினோம். நூல் அச்சாகி வெளிவந்தும் விட்டது.

பிழை ஆசிரியருடையதன்று, நம்முடையது. ராணுவப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் தம் அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து விரித்துக் காட்டியபோதுதான் அது விளங்கியது. '42' என்பது ஓபர்ன்டார்ஃப் நகரத்து மவுசர் தொழிற்சாலைக்குரிய மறைகுறி. தயாரிப்பாளரின் பெயரை மறைக்கவே 1930-களில் 'எஸ்/42' என்றும், பின்னர் '42' என்றும், அதன்பின் 'பி-ஒய்-எஃப்' என்ற எழுத்துகளையும் அங்கே பொறித்தார்கள். ஆண்டு வேறிடத்தில், தோட்டா அறையின் மேற்புறத்தில் இருக்கும். '42' என்ற குறியுடைய லூகரில் 1940 என்ற ஆண்டைக் காண்பது மிக இயல்பு. ஆக, 1941-இல் இறந்தவர் கையில் அது இருந்ததில் எந்த முரணும் இல்லை. மறுமொழி சொல்ல முடியாத ஓர் எழுத்தாளர்மீது, அவர் செய்யாத பிழையை நாம் அச்சில் ஏற்றியிருக்கிறோம்.

இனி அந்த நூல்களுக்கு வருவோம். லூகரின் வரலாறு சுருக்கமாகச் சொல்லக்கூடியதே. ஹூகோ போர்க்கார்ட் 1893-இல் உருவாக்கிய, கையாளக் கடினமான துப்பாக்கியை ஆஸ்திரியரான கேயார்க் லூகர் திருத்திச் செம்மையாக்கினார். முழங்கால் போல் மேல்நோக்கி மடிந்து நிமிரும் மடிப்பிணைப்பே அதன் தனிமுகம். சுவிட்சர்லாந்து 1900-இலும், ஜெர்மானியக் கடற்படை 1904-இலும், தரைப்படை 1908-இலும் அதை ஏற்றுக்கொண்டன. இந்த அளவுக்கு எந்த மின்பக்கமும் சொல்லிவிடும். சிக்கல் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. பெர்லினின் டி.டபிள்யூ.எம்., எர்ஃபுர்ட் அரசுத் தொழிற்சாலை, சிம்சன், கிரிக்காஃப், மவுசர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் எனப் பல கைகள் இதைச் செய்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக்குறிகள், தனி ஆய்வு முத்திரைகள். ராணுவத்துக்கான உற்பத்தியில் பொதுவாக வரிசை எண் ஆண்டுதோறும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரத்தை எட்டியதும் ஓர் எழுத்து பின்னே சேரும். ஆகவே ஒரே எண்ணைத் தாங்கிய லூகர்கள் பல உண்டு. தயாரிப்பாளரையும் ஆண்டையும் பின்னெழுத்தையும் சேர்த்தால் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. எண்ணை மட்டும் தேடுபொறியில் இட்டுத் தேடுபவர் பொருளற்ற ஒன்றைத் தேடுகிறார். தாம் எதைக் கேட்கவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தருவதுதான் நோக்கு நூலின் முதற்பணி.

ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தவர்களின் மரபில் வந்த நமக்கு இந்தத் துறையின் நூல்கள் வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானவை. ஃபிரெட் டேட்டிக் 1955-இல் லூகரின் வரலாற்றைத் தனிநூலாக எழுதினார். ஹாரி ஜோன்ஸ் 1959-இல் அதன் வேறுபாடுகளை வகைப்படுத்தினார். சார்லஸ் கென்யன் 1969-இல் ஒவ்வொரு வகைக்கும் படமும் விளக்கமும் தந்து, சேகரிப்போரின் கைந்நூல் ஒன்றை ஆக்கினார். யோவாகிம் கேர்ட்ஸ், டான் பிரையன்ஸ் இருவரும் 1997-இல் ஜெர்மானியச் சிறு படைக்கலங்களின் குறிகளை மூல ஆவணங்களின் வழியே விளக்கினார்கள். அதே கேர்ட்ஸ், ஜெஃப்ரி ஸ்டர்ஜஸ் என்பவரோடு சேர்ந்து போர்க்கார்ட், லூகர் துப்பாக்கிகளுக்கு மூன்று பெருந்தொகுதிகள் படைத்தார். மவுசர் தொழிற்சாலையின் 1930 முதல் 1945 வரையான காலத்துக்கென்றே ஹாலக், வான் டி கான்ட் இருவரின் தனிநூல் இருக்கிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்து, சோதித்து, மறுத்து, திருத்திச் செல்லும் வரிசை இது. உரைமரபு என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

மின்பக்கங்களில் நிகழ்வது என்ன? ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்த்தெழுதுகிறார். மூன்றாமவர் அதையும் பெயர்த்தெழுதுகிறார். கரிய பிடித்தகடுகள் பொருத்திய 1941, 1942 ஆண்டுகளின் மவுசர் லூகர்களைக் 'கருப்பு விதவை' என்று அழைக்கும் வழக்கம் ஓர் எடுத்துக்காட்டு. அது போருக்குப் பின் சேகரிப்போர் சந்தையில் விலைக்காகப் பிறந்த பெயர். ஜெர்மானியப் படைவீரன் எவனும் தன் துப்பாக்கியை அப்படி அழைத்ததற்குச் சான்றில்லை. ஆயினும் அந்தப் பெயர் பக்கத்துக்குப் பக்கம் தாவி வரலாற்றுச் சொல்லாகவே குந்திவிட்டது. பத்துப் பக்கங்கள் ஒன்றையே சொல்வதைப் பத்துச் சான்றுகள் என்று எண்ணுகிறோம். அவை ஒரே ஏட்டின் பத்துப் படிகள் என்பதைச் சுவடிப் பதிப்பு கற்றவர் உடனே உணரவேண்டாமா?

"அச்சிலும் பிழை உண்டே" என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. லூகர் பற்றிய முன்னோடி நூல்களில் பின்வந்தவர்கள் திருத்தியவை பல. ஆனால் அந்தப் பிழைகளுக்குப் பெயரும் பதிப்பும் ஆண்டும் பக்க எண்ணும் இருக்கின்றன. ஆகவேதான் திருத்த முடிந்தது. நம் கதையைப் பாருங்கள். நம்மைத் தவறான வழியில் செலுத்திய மின்பக்கத்தைப் பின்னர் சென்று பார்த்தோம். அது ஓசையின்றித் திருத்தப்பட்டிருந்தது. முன்னர் என்ன இருந்தது, எப்போது மாறியது, யார் மாற்றினார் என்பதற்கு அங்கே ஒரு சுவடும் இல்லை. அந்தப் பக்கம் தூய்மையடைந்துவிட்டது. பிழை முழுவதும் நம் பெயரில் நிற்கிறது. நம் அடிக்குறிப்பு அச்சில் இருப்பதால் அதைச் சுட்டி எவரும் நம்மைக் கண்டிக்கலாம். கண்டிக்க முடிவதே நூலின் சிறப்பு என்பது நம் துணிபு.

மின்வடிவத்தை நாம் வெறுப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். கென்யன், ஜோன்ஸ் காலத்து நூல்கள் கருப்பு வெள்ளைப் படங்களை நம்பியவை. 1937 வரை மவுசர் தன் லூகர்களின் சிறு உறுப்புகளுக்கு வைக்கோல் நிறம் ஏறும்படிச் செய்தது. கருப்பு வெள்ளைப் படம் அந்த நிறத்தை எப்படிக் காட்டும்? மிகச் சிறிய ஆய்வு முத்திரையைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதுபோல் தாளில் பார்க்க இயலாது. அந்நூல்களிற் பல மீண்டும் அச்சாகாமல், எளியோர் வாங்க முடியாத விலையில் இருக்கின்றன என்பதும் உண்மை. ஒரு நூல் அதே பதிப்புக் குறிப்போடும் பக்க எண்ணோடும் மின்னூலாகக் கிடைத்தால் அதுவும் நூலே. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2009-இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, ஆர்வெல்லின் '1984' நாவலை வாசகர்கள் விலைகொடுத்து வாங்கிய கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியதை மறக்கலாகாது. விலை கொடுத்தவருக்கே கதி அதுவென்றால், ஆண்டுச் சந்தாவில் நிற்கும் நூலகத்தின் கதி என்ன? சந்தா நின்ற மறுநாள் அலமாரி காலி.

எனவே தேர்ந்தெடுப்போருக்கு நம் பரிந்துரை இதுதான். லூகரைப் பற்றி எழுதவோ மொழிபெயர்க்கவோ நேர்பவர் முதலில் ஒரு பொது நூலை வாங்கட்டும். அடுத்துத் தமக்கு வேண்டிய காலத்துக்குரிய தனிநூலை. மூன்றாவதாகக் குறிகளுக்கான நூலை. இம்மூன்றும் அச்சில் இருக்கட்டும். அதன்பின் படங்களை ஒப்பிடவும் புதிய திருத்தங்களை அறியவும் திரைக்குச் செல்லட்டும். எந்த நூலையும் எந்தப் பக்கத்தையும் நம்புமுன் நான்கு வினாக்களைக் கேட்கட்டும்: எழுதியவர் யார்? எந்த ஆண்டு எழுதினார்? எதைப் பார்த்து எழுதினார்? முன்னர்த் தாம் சொன்னது பிழையென்று எங்கேனும் ஒப்புக்கொண்டிருக்கிறாரா? நான்காவது வினாவுக்கு ஆம் என்று விடை தரும் நூலைத் தயங்காமல் வாங்கலாம்.

நூலகக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். நோக்கு நூல்களுக்கான தொகையை வெட்டுவோம் என்று கூட்டத்தில் எவரேனும் முன்மொழியும்போது, "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று நீங்களும் தலையசைக்கிறீர்கள். நாமும் ஒருமுறை அவ்வாறு தலையசைத்தவர்கள்தாம். ஓய்வுபெற்ற ஒரு மனிதரின் வீட்டு அலமாரியில் அந்த நூல் இல்லாதிருந்தால், செய்யாத பிழைக்கு இன்றும் அந்தக் கதையாசிரியர் தமிழில் குற்றவாளியாகவே நின்றிருப்பார். நாமும் நம் புலமையை மெச்சிக்கொண்டே இருந்திருப்போம். தனிமனிதர் அலமாரியில் இருந்த நூல் பொதுநூலகத்தில் இருந்திருக்க வேண்டியது.

அடுத்த பதிப்பு வருமாயின் அந்த அடிக்குறிப்பை நீக்கமாட்டோம். அதன் கீழேயே, அது தவறு என்றும், தவறியவர் நாம் என்றும் எழுதிச் சேர்ப்போம்.