உயர்திணையில் வைத்தோம், வகுப்பில்?

கல்லூரியிற் பயிலும் திருநங்கையோ திருநம்பியோ மதுவை நாடினால், ஒழுக்கக் கேடு என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறோம். காரணத்தை வினவுவார் அரியர். சிறுபான்மையோர் நாள்தோறும் சுமக்கும் இகழ்ச்சியும் அச்சமுமே உளநலத்தைக் கெடுக்கின்றன என்று 2003இல் அமெரிக்க அறிஞர் இலான் மேயர் விளக்கினார். ஒருபாலீர்ப்பினரைப் பற்றி அவர் கூறியதைப் பின்வந்தோர் திருநர்க்கும் பொருத்தி, மதுப்பழக்கத்தையும் அவ்வழியே ஆராய்ந்தனர்.

இலங்கையிற் சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்தலாம். ஆயினும், அல்லைப்பிட்டியிலிருந்து பண்ணைப் பாலங் கடந்து யாழ்ப்பாணத்திற் கற்க வரும் ஒருவருக்கு, வகுப்பிற் பழைய பெயரே வசையாக ஒலிக்குமாயின் அச்சான்றிதழ் என் செய்யும்? ஏளனத்துக்கு அஞ்சித் தனித்திருப்பவர்க்கு மதுவே துணையாகிவிடுதல் வியப்பன்று.

ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் சொல்லையும் தொல்காப்பியர் உயர்திணையிலேயே வைத்தார். அவ்விலக்கணத்தைக் கற்பிக்கும் நாம், அம்மாணவரை அஃறிணைபோல் நடத்தலாமோ? மதுவின் கேட்டை எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்; ஐயமில்லை. அவரை உரிய பெயரால் அழைத்தலும், எள்ளுவாரைத் தடுத்தலும் அதனினும் முந்திய கடன்கள். அவற்றைச் செய்யாதார் கூறும் அறிவுரை செவியேறாது.