ஜீவா கண்ட ஒற்றுமை

தாய்மொழிப்பற்று நாட்டின் ஒற்றுமைக்குத் தடையாகும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது என்பதற்குப் பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் வாழ்வே சான்று.

1907இல் அவர் பிறந்தபோது தமிழ் வழங்கும் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. 1952இல் சென்னை வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜீவா, மொழிவழி மாநிலங்கள் அமையவும் தமிழ் ஆட்சிமொழியாகவும் குரல் கொடுத்தார். ஆயினும் இந்தியாவிலிருந்து பிரியும் கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. நேசமணி முதலியோரின் போராட்டத்தாலும் உயிர் ஈந்தோரின் தியாகத்தாலும், 1956 நவம்பர் 1 அன்று பூதப்பாண்டி அடங்கிய தோவாளை உள்ளிட்ட நான்கு வட்டங்கள் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. அதனால் இந்தியா சிதையவில்லை. குமரி மக்கள் தம் மொழியிலேயே அரசை அணுகும் வழி பிறந்தது.

உலக வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. பிரான்சும் செருமனியும் மாறி மாறி ஆண்ட எல்லைப்பகுதியின் மைந்தர் ராபர்ட் சூமான். இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தியைப் பொது அமைப்பின்கீழ்க் கொணர 1950 மே 9 அன்று அவர் முன்மொழிந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் வித்து அதுவே. அதற்காக எவரும் தம் மொழியைத் துறக்கவில்லை.

மொழிவழி மாநிலங்கள் ஆற்றுநீருக்காகப் பூசலிடுகின்றனவே எனச் சிலர் வினவலாம். அப்பூசலுக்குக் காரணம் மொழியன்று. பகிர்ந்துண்ணும் மனம் குறைந்தமையே. மாணவர்களே, தம் மொழியை நேசிப்பவர் பிறர் மொழியின் அருமையையும் உணர்வர். அவ்வுணர்வின்றி எந்த ஒற்றுமையும் நிலைக்காது.