முதல் ஆட்டம் என்னும் கதை

1870ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் நியூசிலாந்தின் நெல்சன் நகரில் நெல்சன் கல்லூரி மாணவர்களும் நெல்சன் கால்பந்துக் கழகத்தினரும் மோதினர். கல்லூரி என்பது பெயரளவில்தான்; அது ஒரு பள்ளி. அணிக்கு 18 பேர். இரண்டு கோல் அடித்து நகரத்தார் வென்றனர். அந்நாட்டின் முதல் ரக்பி ஆட்டமாக இதனையே கொண்டாடுகின்றனர்.

கொண்டாடட்டும். அதைச் சொல்லும் முறையில்தான் நமக்கு உடன்பாடில்லை. நாடாளுமன்ற அவைத் தலைவரின் மகன் சார்லஸ் மன்ரோ படிப்பதற்காக இங்கிலாந்து சென்றார், ரக்பியைக் கற்றார், திரும்பி வந்து ஊராருக்கு வழங்கினார் என்பதோடு கதை முடிகிறது. ஒரு கொடையாளி, கைநீட்டிப் பெற்ற ஒரு தேசம். இலக்கிய வரலாற்றில் 'முதல்வர்'களைத் தேடி அலையும் நமக்கு இது புதிதன்று.

உண்மையில் அன்று நெல்சனுக்கு வந்து சேர்ந்தது ஒரு பள்ளிக்கூடத்து வழக்கம். ரக்பி என்பதே ஒரு பள்ளியின் பெயர். அதன் விதிகளை 1845இல் எழுத்தில் வடித்தவர்கள் அப்பள்ளி மாணவர்களே. இங்கிலாந்தின் ரக்பி ஒன்றியம் தோன்றியதோ 1871 ஜனவரியில். நெல்சன் ஆட்டம் நடந்து எட்டு மாதங்களுக்குப் பின்னர். ஆக, வளர்ந்த கழகத்தார் சிறுவர் வகுத்த சட்டத்துக்குத் தலைவணங்கி ஆடினர். அன்றைய விதிப்படி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்குப் புள்ளி கிடையாது. கோலை நோக்கி உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டுமே கிட்டும். 'டிரை' என்று அதற்குப் பெயர் வந்தது அதனால்தான். அப்பள்ளிக்கும் ஒரு தொன்மம் உண்டு. 1823இல் வெப் எல்லிஸ் என்னும் மாணவர் பந்தைக் கையிலெடுத்து ஓடினார் என்ற அக்கதை, அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 1876இல்தான் எழுத்தில் தலைகாட்டியது.

நெல்சன் கதையில் மாவோரிகள் இல்லை. அந்நகரை நிறுவிய நியூசிலாந்து கம்பெனி, குடியேற்ற நிலத்தில் பத்தில் ஒரு பங்கை அவர்களுக்கென ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தது. அவ்வாக்கு முழுமையாக நிறைவேறவில்லை. அரசுக்கு அதில் கடமை இருந்தது என உச்ச நீதிமன்றம் கூறியது 2017இல். ஆட்டம் நடந்த நாளில் வடக்குத் தீவில் நிலத்துக்கான போர்கள் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை.

விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கலாமே. 1888–89இல் பெரும்பாலும் மாவோரிகளைக் கொண்ட அணியொன்று கடல் கடந்து சென்று, மொத்தம் 107 ரக்பி ஆட்டங்களை ஆடியது. கறுப்புச் சட்டையும் வெள்ளிப் பெரணி இலைச் சின்னமும் அவ்வணி அணிந்தவை. 'ஆல் பிளாக்ஸ்' என்று உலகம் அழைக்கும் அணி பிரிட்டனில் கால்வைத்தது 1905இல்தான். இதையும் அறிந்த பிறகு, அவ்வாட்டத்தை அந்நாட்டுக்கு அளித்தவர் யாரென்று ஒற்றைப் பெயரில் விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

அதே தேசம் 1928, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு இணங்கி, மாவோரி வீரர்களை விலக்கிவிட்டே அங்கு அணி அனுப்பியது. 1928இல் விலக்கப்பட்டவர்களுள் ஜார்ஜ் நெப்பியாவும் ஒருவர். 1924–25இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் தோல்வியே காணாத அணியின் ஆட்டங்கள் அனைத்திலும் களமிறங்கியவர் அவர். நியூசிலாந்து ரக்பி ஒன்றியம் 2010இல் மன்னிப்புக் கோரியது. நெப்பியா 1986இலேயே காலமாகிவிட்டார்.