வார இறுதி அப்பாக்கள்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். தலைப்பிரசவம் அங்கேதான், பிள்ளைக்கு மூன்றோ ஐந்தோ மாதம் ஆன பிறகே கணவன் வீடு. அதுவரை அப்பா என்பவர் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, பிள்ளையை மடியில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு கிளம்பிவிடும் விருந்தாளி. ஏப்பம் வரத் தோளில் போட்டுத் தட்டுவதையும், பசி அழுகை எது தூக்க அழுகை எது என்று பிரித்தறிவதையும் பாட்டியிடம் தாய் மட்டும் கற்றுக்கொள்கிறாள். தனிக்குடித்தனத்துக்குத் திரும்பியதும் அப்பா தூக்கினால் பிள்ளை வீறிடுகிறது. ‘உங்களுக்கு வராது, கொடுங்க’ என்று அவள் வாங்கிக்கொள்கிறாள். அதுவே நிரந்தர ஏற்பாடாகிவிடுகிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஆண்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் பல வீடுகளில் குறைவது மனம் அல்ல, கைப்பழக்கம் என்றே நினைக்கிறேன். இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுவரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்க நாளுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம் பேர்தான். அவர்களும் 74 நிமிடம்தான்.

பாட்டி இருக்க அப்பா எதற்கு என்று கேட்கலாம். பத்தியச் சாப்பாடும் அனுபவக் கையும் பிள்ளை பெற்றவளுக்குப் பெரிய ஆறுதல். அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் பாட்டி எத்தனை நாள் கூட இருப்பார்? அப்பா அருகில் இருப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. சுவீடன் 2012-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது: பிள்ளையின் முதல் ஆண்டில் பெற்றோர் இருவரும் ஒரே சமயத்தில் 30 நாள்வரை விடுப்பு எடுக்கலாம் என்று அப்போது ஆனது. தேவைப்பட்ட நாளில் அப்பா வீட்டில் இருக்க முடிந்தது. அதன்பின் பிரசவித்த முதல் ஆறு மாதங்களில் தாய்மார்களுக்குப் பதற்றத் தணிப்பு மருந்து எழுதப்படுவது சுமார் கால்பங்கு குறைந்ததாக, அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டார்கள். பலன் தந்தது நாள் கணக்கைவிட, வேண்டிய நேரத்தில் கிடைத்ததுதான்.

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். அதை மருத்துவமனை வராந்தாவில் தீர்த்துவிடாமல், தாயும் சேயும் வீடு திரும்பும் வாரத்துக்கு வைத்துக்கொள்வது மேல். தனியார் துறையில் தாய்க்கு 26 வாரம் தரும் சட்டம் தந்தையைப் பற்றி வாய் திறப்பதில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு விடுப்பு என்ற பேச்சே வெறும் பேச்சு என்பார்கள், நியாயம்தான். அவருக்கும் வார இறுதி வருகையையே பயிற்சியாக்கலாம்: அந்த ஒரு இரவு துணி மாற்றுவதும் தூங்கவைப்பதும் அவர் பொறுப்பு. மாப்பிள்ளையை வேலை வாங்குவதா என்று மாமியார்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க, தடுப்பூசிக்கு வரும்போது அப்பாவையும் கூப்பிட்டு அவர் கையிலேயே பிள்ளையைக் கொடுத்துச் சொல்லித்தரும் கிராமச் சுகாதாரச் செவிலியரால் முடியும்.