8 லட்சம் ஆண்டுகள் எதற்கு?

எச்.ஜி.வெல்ஸ் 1895இல் எழுதிய 'கால இயந்திரம்' உழைக்கும் மக்கள் பக்கம் நின்ற நாவல் என்று முற்போக்கு வட்டங்களில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வர்க்கப் பிளவை இப்படியே விட்டால் மனித குலமே இரண்டு உயிரினங்களாகப் பிரிந்துவிடும் என்று முதலாளித்துவத்தை எச்சரித்த நூலாம் அது. கருத்தரங்கக் கட்டுரைகளில் இதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அந்த நாவல் பயப்படுவது முதலாளியைப் பார்த்து அல்ல, தொழிலாளியைப் பார்த்து. அதைவிட மோசமான ஒன்றையும் அது செய்கிறது. மனிதர்கள் போட்ட வேலியை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன்காரர் ஒருவர் 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறார். தரைக்கு மேலே ஈலாய்கள். குட்டையான, அழகான, வேலையே தெரியாத, பழம் தின்று விளையாடும் மனிதர்கள். இது பொதுவுடைமைச் சமூகம் போலிருக்கிறது என்று முதலில் நினைக்கிறார். பிறகு ஆங்காங்கே கிணறு போன்ற குழிகளைப் பார்க்கிறார். உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம். அங்கே இருட்டில் வாழ்பவர்கள் மார்லாக்குகள்: வெளிறிய தோல், வெளிச்சம் தாங்காத கண்கள். மேலே இருப்பவர்களுக்கு உடையும் செருப்பும் இவர்கள்தான் செய்து தருகிறார்கள். இரவில் மேலே வந்து அவர்களையே பிடித்துத் தின்கிறார்கள். ஈலாய்கள் பழைய முதலாளிகளின் வாரிசுகள், மார்லாக்குகள் பழைய தொழிலாளர்களின் வாரிசுகள் என்று பயணி முடிவுக்கு வருகிறார்.

இங்கே ஒரு சின்ன விவரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பயணியின் இயந்திரத்தை மார்லாக்குகள் இழுத்துச் சென்று பூட்டி வைக்கிறார்கள். கடைசியில் அது கையில் கிடைக்கும்போது, துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறார். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளப் பாதி பிரித்துக்கூடப் பார்த்திருப்பார்களோ என்று அவருக்கே சந்தேகம். அந்த உலகத்தில் புதிய பொருள் ஒன்றைக் கண்டு 'இது என்ன?' என்று கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். ஈலாய்களுக்குக் கண்முன்னே ஒருத்தி நீரில் அடித்துச் செல்லப்படுவதைக்கூடப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் தெரியும். ஆனால் பயணியின் பரிவு யார் பக்கம்? ஈலாய்களிடம் மனித உருவம் மிச்சமிருப்பதால் அவர்கள் மீதுதான் இரக்கம் வருகிறதாம். மார்லாக்கைக் கண்டால் இரும்புத் தடியால் மண்டையைப் பிளக்கக் கை துடிக்கிறது. அறிவும் உழைப்பும் ஒரு பக்கம், முகவெட்டு இன்னொரு பக்கம். முகவெட்டுதான் வெல்கிறது. 'பார்த்தாலே தெரியுது' என்ற பேச்சை வாழ்நாளெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இரக்கத்தின் இலக்கணம் புரியாதா என்ன?

குழிக்குள் இறங்குகிறவர் மேலே இருப்பவரைத் தின்கிறார் என்பது வெல்ஸின் கற்பனை. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் போட்ட பிறகும் உள்ளே இறங்கிச் செத்துக்கொண்டிருப்பவர்கள் யார், மேலே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். யார் யாரைத் தின்கிறார்கள் என்பதில் நாவல் கதையைத் தலைகீழாக்கிவிட்டது.

வெல்ஸ் மேட்டுக்குடியில் பிறந்தவர் அல்ல. அப்பா சிறு கடைக்காரர். அம்மா அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் வேலையாட்களை மேற்பார்வை செய்தவர். வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் நடமாட அந்த மாளிகையில் சுரங்கப் பாதைகளே உண்டு. வெல்ஸும் துணிக்கடையில் தொழில் பழக விடப்பட்டு, அதை வெறுத்து வெளியேறியவர். தரைக்குக் கீழே இருக்கும் வாழ்க்கை அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. அப்படிப்பட்டவர் ஏன் இப்படி எழுதினார்? ஒரு படி ஏறியவனுக்குக் கீழ்ப்படியைப் பார்த்தால் வரும் நடுக்கம் என்றுதான் நான் படிக்கிறேன். அதற்கு அறிவியல் சட்டை மாட்ட அன்றைய உயிரியல் தயாராக இருந்தது. டார்வினின் படைத்தளபதியாக இருந்த டி.எச்.ஹக்ஸ்லியிடம் படித்தவர் வெல்ஸ். உயிர்கள் முன்னேறுவதைப் போலவே சீரழியவும் செய்யும் என்ற பேச்சு அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. 1904இல் கால்டன் தன் இனமேம்பாட்டுக் கொள்கையை முன்வைத்தபோது, சிறந்தவர்களைத் தேர்ந்து இணைப்பதைவிட, தோற்றவர்களைப் பிள்ளை பெறாதபடி செய்வதில்தான் வழி இருக்கிறது என்று பேசியவர் இதே வெல்ஸ். பிற்காலத்தில் மனித உரிமைகளுக்காக எழுதியவரும் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் மார்லாக் அந்தப் பிற்கால வெல்ஸின் படைப்பு இல்லை.

இத்தனைக்கும் உண்மையான காரணம் வெல்ஸின் கைக்கு வந்திருந்தது. பணக்காரர்கள் ஒதுங்கி வாழ்வது, நிலத்தை வளைத்துப்போடுவது என்று பயணி அடுக்கிக்கொண்டே வரும் இடத்தில், வர்க்கங்களுக்கு இடையே நடக்கும் திருமணங்கள்தான் பிளவைத் தாமதப்படுத்துகின்றன, அவையும் குறைந்துகொண்டே வருகின்றன என்று போகிற போக்கில் சொல்கிறார். நாவலின் மிக முக்கியமான இடம் அது. வெல்ஸ் அங்கே நிற்கவில்லை. இருட்டு, தோல், கண், மாமிசம் என்று உடலுக்குள் ஓடிவிட்டார்.

21 ஆண்டுகள் கழித்து ஒருவர் அங்கேயே நின்றார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவர் அம்பேத்கர், 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தார். சாதி என்பது கதவடைத்துக்கொண்ட வர்க்கம் என்பது அவர் வாதம். கதவு எது? அகமணம். அந்தக் கதவைக் காக்கத்தான் விதவையை எரித்தார்கள், மூலையில் உட்கார வைத்தார்கள், குழந்தைக்குத் தாலி கட்டினார்கள் என்று அதன் இயக்கத்தைப் பிரித்துக் காட்டினார். எந்த இடத்திலும் அவருக்குப் பரிணாமம் தேவைப்படவில்லை. 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இன்னும் வெளிப்படையாக எழுதினார்: பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சாமரும் ஒரே இனக்கால்வழி, சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனக்கால்வழி, சாதி இனப்பிரிவே அல்ல என்று.

வெல்ஸ் கற்பனை செய்த சோதனையை வரலாறு இங்கே நடத்தியும் பார்த்துவிட்டது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்தியாவில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகு அகமணத்துக்குள் அடைபட்டார்கள் என்று காட்டியது. ஏறக்குறைய 70 தலைமுறைகள். ஈலாய் பிறந்தானா? மார்லாக் பிறந்தானா? சில குழுக்களில் சில பரம்பரை நோய்கள் கூடியதுதான் மிச்சம். உயிரினம் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் ஊரும் சேரியும், குடமும் குவளையும், சுடுகாடும்கூடப் பிரிந்து கிடக்கின்றன. 8 லட்சம் ஆண்டுகள் எதற்கு? ஒரு ஜாதகக் கட்டு போதுமாயிருந்தது.

வெல்ஸுக்குப் பின் வந்தவர்களும் இந்தக் கதவைத் தேடவில்லை. டி.எச்.ஹக்ஸ்லியின் பேரன் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் கருவிலேயே ஆக்சிஜனைக் குறைத்துக் கீழ்நிலை மக்களை உற்பத்தி செய்கிறார்கள். அவர்களைக் குறிக்க ஆசிரியர் 'சாதி' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். நம்மிடம் சொல்லை வாங்கியவர், அதன் இயக்கத்தைக் கேட்காமல் சோதனைக்குழாய்க்குப் போய்விட்டார். 1997இல் வந்த 'கட்டாகா' படத்தில் மரபணுத் தகுதியில்லாத நாயகன் துப்புரவு வேலையிலிருந்து தப்பி விண்வெளிக்குப் பறக்கிறான். அவனோடு தரை துடைத்தவர்கள் துடைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 'கால இயந்திரம்' 1960இலும் 2002இலும் ஹாலிவுட் படமானபோது வர்க்கமே காணாமல் போனது. முதல் படத்தில் பிளவுக்குக் காரணம் போர், இரண்டாவதில் நிலா உடைந்தது! மார்லாக் மட்டும் பத்திரமாக இருந்தான்.

இது பழைய கதை என்று விட முடியவில்லை. 2018இல் சீனாவில் மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு வந்த நூலில் யுவால் நோவா ஹராரி, பணக்காரர்கள் உடலை மேம்படுத்திக்கொண்டு மனித குலம் உயிரியல் சாதிகளாகப் பிரியலாம் என்று எச்சரித்தார். நம் தோழர்கள் பலரும் அதை ஆர்வமாகப் பகிர்கிறார்கள். வசதியுள்ளவர்கள் ஆய்வகத்தையும் தங்கள் சொத்தாக்கப் பார்ப்பார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் வேற்றுமை உண்மையாவது உடலுக்குள் போன பிறகுதான் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட நொடியில், 'எங்கள் ரத்தம் வேறு' என்று சொல்கிறவனுக்கு அவன் இத்தனை காலம் தேடிய அறிவியல் மொழியைக் கொடுத்துவிடுகிறீர்கள். ரத்தம் வேறாக இருந்திருந்தால் 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்ட ஆள் அனுப்ப வேண்டியிருந்திருக்காது. இயற்கையே பிரித்துவிட்ட இரண்டு உயிர்களுக்கு இடையே அரிவாளுக்கு என்ன வேலை? கதவு திறக்கக்கூடியது என்பது காவல் நிற்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தமிழில் அறிவியல் புனைகதை எழுத வரும் இளைஞர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அவர்களிடம் கேட்பது இதுதான்: மரபணு ஆய்வகத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மணமுடிக்க வரும் இருவரின் அறிவிப்பு 30 நாள் எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கே ஒட்டப்படுகிறது, யாராவது ஆட்சேபம் சொல்வதற்காக. 2150இல் அந்த அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டிருக்கும், யார் வந்து படிப்பார்கள், படித்துவிட்டு யாருக்குத் தகவல் போகும் என்று எழுதுங்கள்.