ஐப்பசியிலும் அனலா?

சித்திரை சுடும், ஐப்பசி குளிர்விக்கும் என்பது நம் கணக்கு. கணக்குப் பொய்த்தது! 2024 அக்டோபரில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை 26.92 டிகிரி, இயல்பைவிட 1.23 டிகிரி அதிகம். 1901 முதல் உள்ள பதிவேட்டில் இத்தனை வெப்பமான அக்டோபர் இல்லை என்றது வானிலைத் துறை.

'ஒரு டிகிரிதானே' என்பர் மின்விசிறியடியில் வீற்றிருப்போர். நிலக்கரி இறங்கும் காரைக்கால் துறைமுகத் தொழிலாளியைக் கேளுங்கள். திருநள்ளாற்றில் சம்பா நடும் தாயைக் கேளுங்கள்! கரியை எரித்து, உலகைச் சூடாக்கி, காசு குவிப்பவன் ஒருவன். அந்தச் சூட்டில் கருகுபவன் வேறொருவன்.

சித்திரையில் திறக்கும் தண்ணீர்ப் பந்தல் ஐப்பசியிலும் திறக்கட்டும். கொளுத்தும் நண்பகலில் கூலி குறையாத ஓய்வு வேண்டும். சலுகையல்ல, உரிமை! பஞ்சாங்கத்தைப் பார்த்தல்ல, வெயிலைப் பார்த்து வகுக்கட்டும் விதியை!