காசு வாங்காத குமாஸ்தாக்கள்!

சம்பளம் கிடையாது. படி கிடையாது. போனஸ் கிடையாது. பழைய கணக்குத் தாளைப் பார்த்து கம்ப்யூட்டரில் எண்களைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இப்படி ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

சுமார் 16 ஆயிரம் பேர் வந்தார்கள்!

கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்ட 2020-ம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தில் நடந்தது இது. கூப்பிட்டவர் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட் ஹாக்கின்ஸ். பிரிட்டிஷ் வானிலை இலாகாவில் 65 ஆயிரத்துக்கும் அதிகமான பழைய மழைத் தாள்கள் இருந்தன. எல்லாம் கையால் எழுதியவை. ஒரு தாளில் ஓர் இடத்தின் பத்து வருஷத்து மழை, மாத வாரியாக இருக்கும். அவற்றில் மிகப் பழைய கணக்கு 1677-ம் ஆண்டைச் சேர்ந்தது. கடைசிக் கணக்கு 1960.

தாள்களைப் படம் பிடித்தாகிவிட்டது. ஆனால் படத்தைக் கூட்டிக் கழிக்க முடியுமா? எண்களாக மாற்றினால்தான் விஞ்ஞானிக்கு உதவும். ஆளுக்கொரு கையெழுத்து. ஒருவர் போட்ட 1, இன்னொருவரின் 7 மாதிரி இருக்கும். மெஷின் தடுமாறும் இடம் இது. மனுஷக் கண்தான் வேண்டும்.

'ஸூனிவர்ஸ்' என்ற இன்டர்நெட் தளத்தில் தாள்களைப் போட்டார்கள். வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 16 நாளில் 52 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் ஏறிவிட்டன!

தப்பு வராதா?

வரும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரே எண்ணைப் பல பேர் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் பார்ப்பார்கள். மளிகைக் கடையில் பையன் போட்ட சிட்டையை முதலாளி இன்னொரு தரம் கூட்டிப் பார்ப்பார் அல்லவா? அதே கதைதான்.

பலன் என்ன? அந்த நாட்டு மழைக் கணக்கு அதுவரை 1862-ம் ஆண்டிலிருந்துதான் தொடங்கியது. இப்போது 1836-க்குப் போய்விட்டது. இங்கிலாந்து கண்ட மே மாதங்களிலேயே மிக வறண்டது 2020 மே என்று சொன்னார்கள். பழைய தாள்கள் வேறு கதை சொன்னது. 1844 மே மாதம் அதைவிட வறட்சி!

இதெல்லாம் வெட்டி வேலை என்று நினைக்க வேண்டாம். ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்துவது, கால்வாயை எவ்வளவு அகலம் வெட்டுவது, வறட்சிக்கு எத்தனை மாதத் தண்ணீரைச் சேர்த்து வைப்பது? எல்லாம் பழைய மழைக் கணக்கை வைத்துத்தான் முடிவாகிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த மழையை அளந்தவர்களில் பலரும் காசு வாங்காதவர்களே! நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த லேடி பேனிங் என்ற பிரபு வீட்டுப் பெண்மணி, 1835 முதல் 1887 வரை விடாமல் மழையை அளந்து எழுதினார். லண்டனுக்குப் போனாலும் மழைமானியைக் கையோடு எடுத்துப் போவாராம். அவர் எழுதி வைத்தது, இத்தனை காலம் கழித்துப் பேரப்பிள்ளைகள் தலைமுறைக்கு உதவுகிறது.

வானமும் பறவையும்

மழை மட்டுமல்ல. 2007-ல் வான்மண்டலப் படங்களை இப்படிப் பொதுஜனங்களிடம் கொடுத்தார்கள். ஹாலந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஒரு படத்தில் விசித்திரமான ஒளித் திட்டு ஒன்றைக் கண்டு 'இது என்ன?' என்று கேட்டார். நிபுணர்களுக்கே பதில் தெரியவில்லை! இன்று அந்தத் திட்டுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இங்கேயும் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகத்தில் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். மொட்டை மாடியில் 15 நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணிப் பதிந்தால் போதும். 2023-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலவர அறிக்கை, இப்படிப்பட்ட சுமார் 30 ஆயிரம் பேர் தந்த கணக்கை வைத்துத் தயாரானது. எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்று தெரிந்தது அவர்களால்தான்.

உஷார்!

ஓர் எச்சரிக்கை. 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் ஆயிரக்கணக்கில் வருமானம், முதலில் டெபாசிட் கட்டுங்கள்' என்று செல்போனில் வருகிற அழைப்பு வேறு. அது மோசடி! ஏமாந்து நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. உண்மையான ஆராய்ச்சித் தொண்டில் பணம் தரமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். பாங்க் கணக்கு எண்ணோ ஓ.டி.பி.யோ யாராவது கேட்டால் அங்கேயே கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

விஞ்ஞானிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஜனங்கள் ஓசியில் உழைத்துக் கொடுத்ததைப் பூட்டி வைத்து விலை பேசக்கூடாது. ஹாக்கின்ஸ் குழு இதில் வழிகாட்டியிருக்கிறது. மீட்ட எண்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2022-ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில், தொண்டர்கள் சிலரின் பெயர்களும் ஆசிரியர் வரிசையிலேயே இடம்பெற்றன. வேலை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய மரியாதை இது.

சென்னையில் வான ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது 1792-ல். பழைய ரிஜிஸ்தர்களுக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. அந்தக் காலத்துப் பதிவேடுகளைக் கையில் வைத்திருக்கிற எந்த ஆபீசும், எந்தப் பல்கலைக்கழகமும் அவற்றைக் கரையானுக்கு விட்டுவிடாமல் படம் எடுத்துப் பொதுஜனத்தின் முன் வைக்கட்டும். எண்களைச் சரிபார்த்தே பழகிய குமாஸ்தாக்களும், பேரேட்டில் வாழ்க்கையை ஓட்டிய கடைக்காரர்களும் இந்த ஊரில் ஏராளம். ரிட்டயர் ஆனவர்களும் சும்மாதான் இருக்கிறார்கள்.

எலெக்ட்ரிக் ரெயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை போவதற்குள் செல்போனில் எத்தனையோ படம் பார்க்கிறோம். அதில் பத்து நிமிஷம் இதற்குக் கொடுத்தால், சில எண்களாவது பிழைக்கும். கொடுக்கலாமே!